மெழுகில்லாத சுருள்

நூர்மெஸ்
4 செப்டம்பர் 1994

தங்கை மிர்காவுக்கு,

இங்கே நானும் நாயும் சுகம். ஏரி இன்னும் குளிக்கிற சூட்டில் இருக்கிறது. உன் முதுகுவலி குறைந்ததா? சுருள் சுற்றும் இயந்திரத்தின் முன்னால் கூன் போட்டு உட்காராதே.

ஒரு நல்ல செய்தி. மர அறுவை ஆலையின் பழைய சௌனாவை இடித்துவிட்டார்கள். தொழிலாளர்கள் தலைமுறைக் கணக்கில் நீராவியில் வெந்த அறை. உட்காரும் பலகைகள் எல்லாம் ஆல்டர் மரம். தடித்தவை, ஒரு முடிச்சு கிடையாது. இடிக்க வந்த ஆள் சிரித்தான்.

"எதுக்குய்யா இது? நம்ம ஊரு மொத்தமும் அம்மணமா உக்காந்த பலகை!"

"அதனாலதான்யா. இத்தன வருஷம் சூட்டுல காஞ்ச மரம் எந்தக் கடையில கிடைக்கும்? கிட்டார் செய்யப்போறேன். பாடும் பாரு."

"வேர்க்கும் பாரு," என்றான்.

இரண்டு எலக்ட்ரிக் கிட்டார் உடல்களை ஒட்டிச் செதுக்கி, கழுத்தும் தந்தியும் மாட்டிவிட்டேன். நெஞ்சோடு அணைத்துத் தந்தியைச் சுண்டினால் அதிர்வு விலா எலும்புவரை வருகிறது. மரம் ஒன்றுமே செய்யாது, எல்லாம் நீ சுருள் சுற்றிச் செய்கிற பிக்கப்தான் என்று சொல்வாய். வந்து பார்.

ஒரு குறை. நீ கடைசியாக அனுப்பிய பிக்கப்புகள் மந்தம். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கின்றன. சுற்றைக் குறைத்து அனுப்பு. தொலைபேசி இணைப்பை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். வேலைக்கு நடுவில் தொந்தரவு. இனி எழுது.

அண்ணன் வெய்யோ


தம்பெரே
15 செப்டம்பர்

அண்ணாவுக்கு,

முதுகு வலிக்கிறது. மற்றபடி உயிரோடு இருக்கிறேன். நாயை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவினேன். உண்மையாகவே.

ஓர் ஊரின் வியர்வை. அதை நெஞ்சோடு அணைக்கிறாய். மேடை விளக்கில் அந்த மரம் சூடேறும்போது உள்ளேயிருந்து என்ன வெளியே வரும் என்று யோசித்தாயா? ஆல்டர் நல்ல மரம்தான். மீனுக்குப் புகை போட.

பிக்கப் என்பது ஒரு காந்தம். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. மேலே எஃகுத் தந்தி அசைகிறது, கீழே சுருளில் மின்சாரம் அசைகிறது. அவ்வளவுதான். சுருளுக்கு மரம் தெரியாது. மரம் தந்தியைத் தாங்குகிற மேசை. ஒரு மேசை தந்தியின் அசைவைக் கொஞ்சம் குடிக்கும். இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். அந்தக் கொஞ்சத்தின் மேல் நீ கோயில் கட்டுகிறாய்.

மந்தம் என்கிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருந்தாலும் கேட்டபடி சுற்றைக் குறைத்திருக்கிறேன். குறைத்தால் ஓசை கூராகும். சோதித்துப் பார்த்தபோது வீட்டுக்காரி இம்பி மாடியிலிருந்து கத்தினாள்: "அடியே, பல்லு டாக்டர் வீடு மாதிரி இருக்குடி! நிறுத்து!"

உனக்கு இது போதும் என்று நம்புகிறேன்.

தொலைபேசி இல்லாத வீட்டில் நீ விழுந்து கிடந்தால் யார் சொல்வார்கள்? நாயா?

மிர்கா


நூர்மெஸ்
9 அக்டோபர்

மிர்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் பனி விழுந்து கரைந்தது.

பிக்கப்புகள் வந்தன. இன்னும் மந்தம். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மெழுகு. சுற்றி முடித்ததும் நீ சுருளை உருகிய மெழுகில் முக்குகிறாய். அதற்கு மூச்சு முட்டுகிறது. இனி மெழுகில்லாமல் அனுப்பு. விரலால் உடலைத் தட்டினால் ஆம்ப்ளிஃபயரில் மரம் பேசவேண்டும்.

கடைக்குப் போனால் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். இந்த ஊரில் இப்போது யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. குளிர்காலம் வருகிறது, அதனால் இருக்கும்.

அண்ணன்


தம்பெரே
2 நவம்பர்

அண்ணாவுக்கு,

நீ நலமாயிருப்பதாக எழுதியதை நம்புகிறேன். மெழுகு பற்றி எழுதியதை நம்பவில்லை.

மெழுகு எதற்கு என்று உனக்குத் தெரியும். தெரியாததுபோல் எழுதுகிறாய். மெழுகு இல்லாவிட்டால் சுற்றுகள் தளர்ந்து தாமே நடுங்கும். தந்தியை மட்டுமல்ல, உடலில் படுகிற நகத்தை, சட்டைப் பொத்தானை, எல்லாவற்றையும் சுருள் பிடித்துக்கொள்ளும். ஒலியைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் கூச்சலையே வாங்கி அதையே திருப்பிக் கத்தும். கீச்சென்று. பன்றியை அறுப்பதுபோல்.

அந்தக் கோளாறைத்தான் நீ மரத்தின் குரல் என்கிறாய். தட்டிக் காட்டி விற்கலாம். "கேளுங்க, மரம் பேசுது." வாங்குகிறவன் தலையாட்டுவான். 

ஒவ்வொரு பிக்கப்பின் அடியிலும் என் பெயர் இருக்கிறது. பெண்பிள்ளை சுற்றியதா என்று மூக்கைச் சுளித்தவர்களிடமே விற்று, அந்தப் பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்தேன். என்னிடம் வேறு சொத்து இல்லை.

ஆகவே சொல்லிவிடுகிறேன். என் சுருளிலிருந்து மெழுகை எடுத்தாயானால், அதற்குப் பிறகு உனக்கு ஒரு சுருளும் வராது. சுருள் சுற்றுகிற மற்ற எல்லோரோடும் சண்டை போட்டு முடித்துவிட்டாய். என்னோடும் முடித்தால் உன் கிட்டார்கள் வெறும் பலகைகள்.

சளி பிடிக்காமல் இரு.

மிர்கா


நூர்மெஸ்
18 டிசம்பர்

மிர்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உப்பிட்ட மீன் அனுப்பியிருக்கிறேன். ஒரே நாளில் தின்று தீர்க்காதே.

நீ சொன்னபடியே ஆகட்டும்.

சௌனாப் பலகைக் கிட்டார்களில் முதலாவது விற்றுவிட்டது. யோயென்சூவில் டாங்கோ நடன இசை வாசிக்கிற அஹ்தி என்பவர் வாங்கினார். நான் உடலைத் தட்டிக் காட்டினேன். முகமெல்லாம் சிரிப்பு. இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

ஏரி உறைந்துவிட்டது. பனிக்கட்டியில் துளை போட்டு உட்கார்ந்தால் நிம்மதியாக இருக்கிறது. அங்கே யாரும் பேசுவதில்லை.

அண்ணன்


யோயென்சூ
12 பிப்ரவரி 1995

மதிப்பிற்குரிய மிர்கா அவர்களுக்கு,

நீங்கள் நலம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் டாங்கோ இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவன். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. மானத்தோடு வாழ்ந்துவந்தேன், உங்கள் அண்ணனிடம் கிட்டார் வாங்கும்வரை.

சென்ற சனிக்கிழமை நடனம். மெதுவான பாட்டு. ஜோடிகள் கன்னத்தோடு கன்னம் வைத்திருந்தார்கள். நான் ஒலியைச் சற்றே கூட்டினேன். கிட்டார் வீறிட்டது. ஜோடிகள் பிரிந்துவிட்டார்கள். ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாள்.

பாட்டுக்காரி ஒலிவாங்கியிலேயே கேட்டாள்: "அஹ்தி, என்னய்யா, உன் கிட்டாரு குட்டி போடுதா?"

அக்கார்டியன்காரன் விடவில்லை. "அது குளிக்காம வந்திருக்கு. பக்கத்துல வந்து மோந்து பாரு."

உண்மைதான். விளக்குச் சூட்டில் அது நாறுகிறது. ஈரத் துண்டு, பழைய காலுறை, சௌனாவில் உடம்பில் அடித்துக்கொள்கிற பிர்ச் இலை கொஞ்சம்.

வீட்டில் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். பிக்கப்பின் அடியில் உங்கள் பெயர். சுருளில் மெழுகு இல்லை. யாரோ சூடு காட்டி வடித்த தடம் மட்டும். இது உங்கள் வழக்கம்தானா என்று அறிய விரும்புகிறேன். இல்லையென்றால் உங்களுக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது.

மரியாதையுடன்
அஹ்தி கொன்த்தூரி


தம்பெரே
16 பிப்ரவரி

வெய்யோ,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

டாங்கோக்காரரின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படி.

என் சுருளை அடுப்பில் வைத்தாய். மெழுகை வடித்தாய். "நீ சொன்னபடியே ஆகட்டும்" என்று எழுதிய கை எந்தக் கை? அதே கையா? மீனை ஏற்கெனவே தின்றுவிட்டேன், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

எது அதிக அருவருப்பு என்று தீர்மானிக்க முடியவில்லை. நாற்றமா, கீச்சா, பொய்யா.

சுருள் இனி வராது. எழுதாதே.

மிர்கா


யோயென்சூ
26 மார்ச்

மதிப்பிற்குரிய மிர்கா அவர்களுக்கு,

புதிய பிக்கப்புகளை இலவசமாக அனுப்பியதற்கு நன்றி. உடம்பு நன்றாக இருக்கிறதா? 

அவற்றை உங்கள் அண்ணனே பொருத்தித் தரட்டும் என்று நூர்மெஸுக்குப் போனேன். நடந்ததை உங்களிடம் சொல்லக்கூடாது என்று என் மனைவி சொல்கிறாள். அதனால் சொல்கிறேன்.

பட்டறையின் திறந்த கதவைத் தட்டினேன். நாய் குரைத்தது, அவர் திரும்பவில்லை. இயந்திரம் எதுவும் ஓடவில்லை. உள்ளே போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வணக்கம் சொன்னேன். நாய் போய் அவர் காலை முட்டிய பிறகுதான் திரும்பினார்.

கோளாறைக் காட்டலாம் என்று கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். வீறிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாயிருக்குல்ல?"

"எதுய்யா நல்லாயிருக்கு? காது கிழியுது!"

"ஆமா, ஆமா. ஆல்டரு."

பிறகு, "வாசிங்க, நிறுத்தாதீங்க," என்று சொல்லிக் குனிந்தார். கிட்டார் உடலில் கொம்புபோல் நீண்ட முனையைப் பல்லால் கவ்வினார். நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே. கண்ணை மூடிக்கொண்டார். எச்சில் வழிந்து என் கைமேல் பட்டது.  வீட்டுக்கு வந்தபின் அந்த முனையைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

வாயை எடுத்ததும் அவர் சொன்னது இது: "இப்பதான் கேக்குது."

பிக்கப்புகளை நானே மாற்றிக்கொண்டேன். இப்போது கத்தவில்லை. நாறுகிறது, ஆனால் கத்தவில்லை.

அஹ்தி கொன்த்தூரி


தம்பெரே
1 ஏப்ரல்

அண்ணா,

நாய் எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். அது உன் காது என்று தெரிந்துவிட்டது.

எத்தனை வருடமாக?

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்து. உச்ச ஓசைகள் உனக்குப் போய்விட்டன. அதனால் என் சுருள்கள் மந்தம். அதனால் சுற்றைக் குறைக்கச் சொன்னாய். நானும் குறைத்தேன், வாங்கியவர்களின் காதைத் துளைக்கும்வரை. அதுவும் உனக்குப் போதவில்லை, மெழுகை வடித்தாய். தட்டினால் வருகிற தடித்த சத்தம் கேட்டது. கீச்சு கேட்கவில்லை. கடைக்காரர்கள் முணுமுணுக்கவில்லை. தொலைபேசி தொந்தரவு இல்லை, அதில் வருகிற சொற்கள் உனக்கு வெறும் காற்று.

காதுமூடி போடாமல் மரம் குடைகிற ரூட்டரை ஓட்டுவாய். நான் திட்டினால் என்ன சொல்வாய்? "காத மூடிக்கிட்டா மரம் சொல்றது எப்படிடி கேக்கும்?" மரம் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டாய்.

இரக்கப்படுவேன் என்று பயந்தாயா? படவில்லை. முயன்றேன், வரவில்லை. அருவருப்புதான் வந்தது. பல்லை வைத்ததில் அருவருப்பு இல்லை, எலும்பு வழியாகக் கேட்பது நல்ல பௌதிகம். உனக்குக் கேட்காத ஒன்றைப் பாடுகிறது என்று விற்றாயே, அதில். வாங்கியவன் பல்லைக் கடித்து நின்றபோது நல்லாயிருக்குல்ல என்று சிரித்தாயே, அதில். என்னிடம் சொல்வதைவிட என் சுருளைச் சுட்டுவிடுவது உனக்கு எளிதாக இருந்ததே, அதில்.

விற்றதையெல்லாம் திரும்ப வாங்கு. மெழுகிட்ட சுருள்களை நான் தருகிறேன். அதற்கு மட்டும் தருகிறேன். பிறகு என்ன என்று தெரியவில்லை.

மருத்துவரிடம் போ.

மிர்கா


நூர்மெஸ்
28 மே

மிர்காவுக்கு,

நீ சுகமா? பதில் தாமதித்ததற்கு நீ காரணம் கேட்கமாட்டாய்.

பிழை எதுவும் இல்லை. எல்லாம் சரி.

காது மருத்துவர் ஒரு கருவி கொடுத்தார். தோல் நிறத்தில், கொழுத்த புழுபோல் இருக்கிறது. போட்டுக்கொண்டு சூப் குடித்தேன். என் வாய் இவ்வளவு அசிங்கமாகச் சத்தம் போடும் என்று இத்தனை வருடம் ஒருவரும் சொல்லவில்லையே. நாய் நக்குவதைக் கேட்கச் சகிக்கவில்லை. கிட்டார் தகரத்தில் ஆணி கீறுவதுபோல் இருக்கிறது. அது கிட்டாரா கருவியா என்று தெரியவில்லை. உச்ச ஓசை இதில்கூட வராதாம். போனது போனதுதான் என்றார்.

விற்றவற்றைத் திரும்ப வாங்கிச் சுருளை மாற்றிக் கொடுத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. குவோப்பியோவில் ஒரு பையன் தரமாட்டேன் என்கிறான்.

"அது கத்தும்பா," என்றேன்.

"கத்துறதுக்குத்தான வாங்கினேன்!"

"நாறும்."

"இன்னும் நல்லது."

உலகம் அசிங்கமானது. அதில் நான் மட்டும் தனியாக இல்லை என்று தெரிந்தது.

கிட்டார் செய்வதை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். ஜன்னல் சட்டம் செய்யக் காது வேண்டாம். அதற்கு முன் ஒன்று தெரியவேண்டும். இரண்டு கிட்டார்களை ரயிலில் அனுப்புகிறேன். ஒன்று சௌனா ஆல்டர், ஒன்று புதுப் பைன். ஒரே அளவு, ஒரே கழுத்து, ஒரே தந்தி. உன் சுருள்களைப் பொருத்திக்கொள், மெழுகோடு. கேட்டுச் சொல். மரம் பாடுகிறதா, அல்லது என் பல்லில் மட்டும்தானா? பாடவில்லை என்றால் விட்டுவிடுகிறேன்.

பொய் சொல்லாதே. காகிதத்தில் எனக்கு நன்றாகவே கேட்கும்.

வெய்யோ


தம்பெரே
2 ஜூலை

அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும், வேறு வழியில்லை, கீழே படி.

பெட்டியைத் திறந்ததும் ஜன்னலையும் திறந்தேன். இரண்டிலும் ஒரே மாதிரிச் சுருள்கள். முதல் நாள் ஆல்டர் வென்றது. சந்தேகமே இல்லை. நடுவில் ஓர் இதம், மேலே ஒரு மென்மை. பைன் அதன் பக்கத்தில் அட்டைப்பெட்டி. நான் படித்த பௌதிகமெல்லாம் வாயில் கசந்தது. என்மேலேயே எனக்கு வெறுப்பு.

பிறகு அஹ்தி இந்தப் பக்கம் வாசிக்க வந்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் மாற்றி மாற்றி வாசித்தார். நான் எது எது என்று சொன்னேன்.

"ஆல்டர்," என்றேன்.

"இல்லம்மா."

"இது ஆல்டர்."

"ஆமா."

"பைன்."

"மறுபடியும் ஆல்டருதான். வாசன வரலயா? சளியா உங்களுக்கு?"

வாசனை காட்டிக்கொடுக்கக்கூடாது என்று மூக்கைத் துணியால் வேறு கட்டிக்கொண்டிருந்தேன். காசைச் சுண்டியிருந்தாலும் இதே அளவுதான் சரியாக வந்திருக்கும். அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு நான் வாசித்தேன். அவரும் அப்படித்தான்.

ஆகவே: மரம் பாடவில்லை, அண்ணா. என் காதுக்கும் அவர் காதுக்கும் இல்லை. கண்ணைத் திறந்தால் பாடுகிறது, மூடினால் நின்றுவிடுகிறது. உன் பல்லில் பாடுகிறது. அது பொய் இல்லை. ஆனால் அதை விற்க முடியாது.

உன் கடிதப்படி நீ இப்போது நிறுத்தவேண்டும். நிறுத்தாதே. அந்த இரண்டு கிட்டார்களையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தேன், குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற கெட்ட எண்ணத்தோடு. கழுத்து உடலில் உட்காருகிற இடத்தில் ஒரு தாள் நுழைய இடமில்லை. தந்தி அதனால்தான் அவ்வளவு நேரம் அடங்காமல் நிற்கிறது, மரத்தின் பெயரால் அல்ல. அதைக் கேட்டுச் செய்யவில்லை நீ. விரலால் செய்திருக்கிறாய்.

சுருள்கள் வரும். மெழுகோடு. பெயரோடு. நீ செய்கிற ஒவ்வொரு கிட்டாரும் விற்பதற்கு முன் என்னிடம் வரவேண்டும். ரூட்டர் ஓடும்போது காதுமூடி. மிச்சமிருக்கிற சௌனாப் பலகைகளை அடுப்பில் போடு. இதில் பேரம் இல்லை. அஹ்தி போகும்போது முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனார்.

உவமை சொல்லி ஓசையை விளக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். இன்று நானே எழுதுகிறேன், உனக்கு வேறு எப்படிச் சொல்வது?

பைன் கிட்டார். தடித்த தந்திகள் உனக்கே கேட்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். நடுத் தந்திகள்: ஏரி இறுகத் தொடங்கும்போது கரையில் நிற்பவனுக்குக் கேட்கிற முனகல். மேல் தந்தி, உச்சிக் கட்டங்கள், உனக்குக் கேட்காத இடம்: சின்ன வயதில் என்னைச் சறுக்குவண்டியில் வைத்துக் கரையோரமாக இழுத்துக்கொண்டு ஓடுவாய். திருப்பத்தில் வண்டியின் இரும்புப் பட்டை பனிக்கட்டியை உரசும். அந்தச் சத்தம். அதைவிடக் கொஞ்சம் மெல்லியது. நீ திரும்பிப் பார்க்கமாட்டாய். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை எடுத்துவிடு, மிச்சமிருப்பதுதான் அந்த ஓசை.

இரண்டாம் தந்தி, ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒரு சின்ன இரைச்சல் இருக்கிறது. அடுத்த ஃப்ரெட் கம்பி உயரம், தந்தி அதில் உரசுகிறது. கிட்டாரைத் திருப்பி அனுப்புகிறேன், அதைத் தேய்த்துவிட்டு அனுப்பு. மறுபடி கேட்டு எழுதுகிறேன்.

மிர்கா